விசிறி நின்றால் தெரியும் பெயர்

நேற்று மதியம் கரண்ட் போய், மின்விசிறி மெல்ல அடங்கி நின்றதும், தாம்பரத்தில் சின்ன வயதில் நாங்கள் போய்வந்த சர்ச் நினைவுக்கு வந்தது.

அங்கே விசிறிகளின் இறக்கையில், யார் நினைவாக வாங்கிக் கொடுத்தது என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். கொடுத்த குடும்பம் அதற்கு அடியில்தான் உட்காரும். புதிதாக வந்தவர்கள் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால், ஸ்டெல்லா ஆன்ட்டி ஜெபத்தின் நடுவிலேயே, "பிரதர், அது எங்க ஃபேன்" என்று எழுப்பிவிடுவார்.

நாங்கள் போகும்போதே எல்லா விசிறிகளும் சுற்றிக்கொண்டிருக்கும். பிரசங்கத்தின்போது கரண்ட் போனால், எல்லோரும் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு பாஸ்டரையே குற்றவாளிபோல் பார்ப்பார்கள். அப்பா மட்டும் வேர்த்து வழிய அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார், முகத்தில் சிரிப்போடு.

"எதுக்குப்பா சிரிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சுத்தும்போது ஒண்ணும் தெரியல. இப்பதான் தம்பி பேரைப் படிக்க முடியுது."

மூன்று வயதில் காய்ச்சலில் போன என் தம்பி ஜோயலின் பெயர்.

மறு வருஷம் சர்ச்சுக்கு ஜெனரேட்டர் வந்தது. "இனிமே ஆராதனையில ஃபேன் நிக்காது" என்று பாஸ்டர் அறிவித்ததும் சபை முழுக்கக் கைதட்டியது. அப்பா ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவரும் தட்டினார்.