ஆற்றுவாயும் இரண்டு சகலன்மாரும்

பேர்னாட் குடிக்கமாட்டான், உழைப்புக்குப் பின்னிற்கமாட்டான். அவனுக்கிருந்த நோய் ஒன்றுதான்: சகலன் ஜெயராஜாவைக் கண்டால் வயிறு எரியும். அக்காள் தங்கையைக் கட்டி இருவரும் ஒரே வளவில் குடியிருந்தார்கள். மூத்த மருமகன் பேர்னாட். ஆனால் மாரியில் ஆற்றுவாய் வெட்ட ஊர் தேடி வந்தது இளையவனைத்தான்.

கோடையில் வாவியின் வாயை மணல் அடைத்துவிடும். மழையில் வாவி பெருகினால் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். பிந்தினால் கரையோர வயல்கள் மூழ்கிவிடும். முந்தினால் கடல் உள்ளே ஏறி வயலை உவராக்கிவிடும். நாள் சொல்வது ஜெயராஜா, முதல் மண்வெட்டியும் அவன் கையில்தான். நிலபுலம் உள்ள பெரிய போடிமார்கூட அன்று அவன் வாயைப் பார்த்து நிற்பார்கள்.

"அவனுக்கிட்ட மட்டும் தண்ணி கதைக்குதாக்கும்!" என்று மனைவி ஞானமலரிடம் புறுபுறுப்பான் பேர்னாட்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு, இன்னும் ஐந்து நாள் பொறுக்கச் சொன்னான் ஜெயராஜா. ஞாயிற்றுக்கிழமை ஊரே பூசைக்குப் போயிருந்தது. வயிற்றுவலி என்று வீட்டில் நின்ற பேர்னாட், மண்வெட்டியோடு போய்த் தனியாக வெட்டினான். தண்ணீர் பாய்ந்ததும் ஊரைக் கூட்டிக் காட்டுவதுதான் எண்ணம். கொஞ்ச நேரம் பாயத்தான் செய்தது. பிறகு கடல் பெருகி உள்ளே ஏறியது. அவன் மூச்சுவிடாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

முதலில் கருகியது ஞானமலரின் சீதன வயல். அவள் வரம்பில் குந்தி அழுதாள். மணல் தானாக உடைந்தது என்றே ஊர் நினைத்தது. கணக்குத் தப்பியவன் என்று ஜெயராஜாவைத் திட்டியது. உள்ளதைச் சொன்னால், வயல் போன துக்கத்திலும் பேர்னாட்டுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

அடுத்த மாரியில் ஊர் ஜெயராஜாவை ஒதுக்கி, மூத்த மருமகன் என்று பேர்னாட்டின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது. ஊர் சுற்றி நின்றது. அவன் தண்ணீரைப் பார்த்தான், ஒன்றும் விளங்கவில்லை. உதவிக்கு வந்தவன்போல ஜெயராஜா பக்கத்தில் குனிந்து அவன் காதோடு சொன்னான்.

"கடல் வத்தட்டும் அண்ணன், மறுகா வெட்டுங்க. போன வருசம் பூசை நேரம் வெட்டின மாதிரி அவசரப்படாதீங்க. உங்கட மண்வெட்டித் தடத்த நான் அண்டைக்கே கண்டனான்."

பேர்னாட் பொறுத்திருந்து வெட்டினான். தண்ணீர் கடலுக்கு ஓடியது. ஊர் அவனைப் புகழ்ந்தது. அவனோ ஜெயராஜாவையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வருடம் ஏச்செல்லாம் வாங்கியும் தன்னைக் காட்டிக்கொடுக்காதவன்! தன்னால் அப்படி ஒரு நாள் இருக்க முடியுமா? முன்பு எரிந்ததைவிட இப்போதுதான் வயிறு கூட எரிந்தது.