அழிக்காமல் விட்ட கோடு

1988 நவம்பர் 22, செவ்வாய், காலை 10.40. தூறல். தாம்பரத்தில் நான் கணிதம் கற்பித்த கல்லூரியின் ஆசிரியர் அறை.

சக ஆசிரியை கிரேஸ், ‘ஆபரேட்டர் தியரி’ என்ற கணிதப் பிரிவில் தன் பதினோராவது ஆராய்ச்சிக் கட்டுரையை நீட்டினார். நான் எழுதிய கட்டுரைகள் பூஜ்யம். கையெழுத்து மட்டும் அழகு. தட்டச்சில் வராத குறிகளை, அவர் கைப்பிரதியைப் பார்த்து, நான்தான் மையால் நிரப்புவேன். அன்று 412 குறிகள்.

அவர் கைப்பிரதியின் ஏழாம் பக்கத்தில் ‘ஒன்றுக்குக் குறைவு’ என்று இருக்க வேண்டிய குறியின் கீழே ஒரு கோடு கூடுதலாக இருந்தது. அதனால் ‘ஒன்று அல்லது அதற்குக் குறைவு’ என்றாகி, நிரூபணமே நிற்காது. எனக்குத் தெரிந்தது. கோட்டையும் சேர்த்து அழகாக எழுதினேன்.

“சரி பாத்துட்டீங்களா சார்?”

“பாத்தாச்சு மேடம்.”

“அப்ப நான் திருப்பிப் பாக்க மாட்டேன். நீங்க எழுதினா அச்சு மாதிரி.”

எட்டு மாதம் கழித்து, நிரூபணம் தவறு என்று வெளிநாட்டு இதழ் திருப்பி அனுப்பியது.

“ஒரே ஒரு கோடு சார்! நான் போட்ட தப்பு. உங்களையும் வீணா எழுத வெச்சிட்டேன், சாரி” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோட்டைச் சுரண்டி அழித்து, கட்டுரையை மறுபடி அனுப்ப நானே தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். அவர் நீட்டிய காசை வாங்கவில்லை. அவருக்குப் போனது எட்டு மாதம். எனக்குப் போனது விமானத் தபாலுக்குப் பதினெட்டு ரூபாய் ஐம்பது காசு.