குதிரை போட்ட கூடை

கூடைப்பந்தைக் கையால் தொட்டதைவிடப் புத்தகத்தில் படித்ததுதான் எனக்கு அதிகம். அந்தத் தகுதியில்தான் அறுபதுகளில் கொடைக்கானலில் நடுவராக இருந்தேன். மூடுபனி இறங்கினால் கூடையே தெரியாது. அதனால் பந்து விழுவதைக் காதால் அறிய வலையில் ஒரு மணி கட்டியிருந்தோம். யோசனை என்னுடையது, அதில் பெருமை வேறு.

அன்று ரயில்வே பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பெருமாள்மலை ஸ்டெல்லா தேர்வானால் சம்பளத்தோடு ஆடலாம். இல்லாவிட்டால் எஸ்டேட் வேலைதான். கடைசி நிமிடத்தில் அவள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பனிக்குள் பந்தை எறிந்தாள். மணி ஒலித்தது. விசில் ஊதி இரண்டு விரலை உயர்த்தினேன். என் மணியை எதிரணியும் நம்பியது.

ஸ்டெல்லா மட்டும் என்னிடம் ஓடி வந்தாள்.

"சார், பந்து விழலைங்க. அது குதிரைங்க."

பனி விலகியது. ஏரிக்கரையில் சவாரிக்கு விடும் ஆண் குதிரை ஒன்று, கழுத்து மணியோடு, மைதான ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. தீர்ப்பை மாற்றினேன். அவள் அணி தோற்றது.

அதிகாரி அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, இந்தப் பனியில உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"கையை விட்டுப் போறப்பவே தெரியும்ங்க. கொஞ்சம் வலப்பக்கம் போயிருச்சு."

"அடுத்த மாசம் மதுரைக்கு வந்து சேந்துரு" என்றவர், என் பக்கம் திரும்பினார். "குதிரையையும் எடுத்திருப்பேன் சார். இது பொம்பளைங்க டீமாப் போச்சு."

ஸ்டெல்லா பல வருடம் ரயில்வேக்கு ஆடினாள். 'தெரியவில்லை' என்று சொல்ல வெட்கப்பட்டே அன்று நான் ஊதினேன். அவளோ வேலை போனாலும் போகட்டும் என்று வாய் திறந்தாள். இப்போது கூட்டங்களில் பேசுகிறேன். யாராவது கைதட்டினால், பக்கத்தில் குதிரை நிற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.