அரிவாள் விழுந்த சர்வர்

என் மேசைக்கடியில் ஒரு பழைய சர்வர் பெட்டி கிடக்கிறது. அதன் பக்கத் தகட்டில் ஒரு சாண் நீளத்துக்கு அரிவாள் விழுந்த பிளவு. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை கேட்டும் கொடுக்க மனசு வரவில்லை. அதைப் பார்த்தாலே எனக்கு சிஸ்டரின் புருவம்தான் நினைவுக்கு வருகிறது.

2007 வாக்கில் கம்பத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். நோயாளிகளின் பதிவெல்லாம் எங்கள் சொந்த சர்வரில்தான் இருந்தது. மென்பொருள் ஒரு டிஸ்கில், பதிவுகள் இன்னொரு டிஸ்கில். தலைமை நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்போம். இரண்டே விரலால் டைப் அடிப்பார். ஆனாலும் நோயாளியோடு வந்தவர் பேசிய பேச்சைக்கூட விடாமல் ஏற்றிவிடுவார். நான் கிண்டல் செய்தால், "சொன்னதச் சொன்னபடி போடணும் தம்பி. நாளைக்கு நம்ம வாய நம்பமாட்டாக" என்பார்.

திராட்சைப் பந்தலில் பாம்பு கடித்த ஒருவர் எங்களிடம் வந்து கொஞ்ச நேரத்தில் இறந்துபோனார். சிஸ்டர் போட்ட ஊசிதான் கொன்றது என்று பேச்சு கிளம்பிவிட்டது. கம்போடும் அரிவாளோடும் கூட்டம் உள்ளே புகுந்தது. கண்ணாடிகள் நொறுங்கின. கம்பவுண்டரின் கையை முறித்தார்கள். சர்வர் மேல் அரிவாள் இறங்கியதை நான் கட்டிலுக்கடியில் ஒளிந்தபடி பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்து பதிவைக் கேட்டார். அதைக் காட்ட முடியாவிட்டால் சிஸ்டரைக் கைது செய்ய வேண்டியிருக்கும் என்றார். இறந்தவரின் தம்பியும் கூடவே நின்றான். மென்பொருள் இருந்த டிஸ்க் வெட்டுப்பட்டுவிட்டது. பதிவு டிஸ்க் தப்பியிருந்தது. வேறு கம்ப்யூட்டரில் மென்பொருளைப் புதிதாக ஏற்றினேன். பதிவு டிஸ்கை அதற்குரிய ஃபோல்டரோடு இணைக்க, அதாவது மவுண்ட் செய்ய, ஒரு வரிக் கட்டளையை அடித்துவிட்டுத்தான் மென்பொருளைத் தொடங்க வேண்டும். அவசரத்தில் அந்த ஒரு வரியை அடிக்க மறந்துவிட்டேன். மென்பொருள் காலி ஃபோல்டரைப் பார்த்துவிட்டு, நோயாளிகள் யாருமே இல்லை என்று காட்டியது.

"ஏலே, எல்லாத்தையும் அழிச்சுப்புட்டீகளா!" என்று கத்தியபடி தம்பிக்காரன் மேசையிலிருந்த ஸ்டீல் தட்டை எடுத்து சிஸ்டரின் முகத்தில் அடித்தான். புருவம் பிளந்து ரத்தம் வெள்ளைச் சேலையில் கொட்டியது. இன்ஸ்பெக்டர் அவனை மடக்கிப் பிடிப்பதற்குள் எனக்குப் பொறி தட்டியது. அந்த வரியை அடித்து மறுபடி தொடங்கினேன். பதிவுகள் வந்துவிட்டன.

இன்ஸ்பெக்டர் சத்தமாகப் படித்தார். "விஷமுறிவு மருந்து இருப்பு இல்லை. ஊசி எதுவும் போடவில்லை. உடனே தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னோம். நோயாளியின் தம்பி சொன்னது: 'மந்திரிச்சாச்சு, தேனிக்கெல்லாம் வேணாம். இங்கனயே படுக்கப் போடுங்க.'"

அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அலறினான். அந்த நேரத்தில் அவனை வெறுக்கக்கூட என்னால் முடியவில்லை.

தையல் போட்டுக்கொண்டு வந்த சிஸ்டர், "அரிவா பட்டதுல மிஷினுக்கே கொஞ்ச நேரம் நெனவு தப்பிருச்சு, என்ன தம்பி?" என்றார்.

"ஆமா சிஸ்டர்" என்றேன்.

இன்று எந்த சர்வரைத் தொடங்கினாலும் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்க்கிறேன். போன மாதம் சிஸ்டரின் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். "எம் மானத்தக் காப்பாத்துன தம்பி இவுகதான்" என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். பவுடருக்கு அடியில் தழும்பு தெரிந்தது. சாப்பிடாமல் வந்துவிட்டேன். வீட்டில் இந்தப் பெட்டி கிடந்தது. இதன் மேல் இருக்கும் வெட்டு அவர்கள் போட்டது. புருவத்தில் இருப்பது நான் போட்டது.