சூடு ஆறாத மூன்று கற்கள்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஓமான் நாட்டுச் சலாலாவில் ஒரு பாய்மரப் படகில் சமையல்காரனாக இருந்தேன். கேப்டன் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் சுற்றிவந்த தீவுகள், என்றோ நெருப்பாக ஓடி உறைந்தவை போலக் கன்னங்கரேலென்று இருக்கும். நங்கூரம் மணலில் போய்ப் படிவதுகூடத் தெரியும். தண்ணீர் அவ்வளவு தெளிவு. படகு காற்றில் மிதப்பது போலிருக்கும்.

ஒருநாள் கரையில் மீன்குழம்பு வைக்க இறங்கினேன். மேட்டில் மூன்று கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. ராமநாதபுரத்துக்காரன் கண்ணுக்கு மூன்று கல் என்றால் அடுப்புதானே? பிடுங்கி வந்து அடுப்புக் கூட்டினேன்.

குழம்பு கொதிக்கும்போது தீவுக்காரர் ஒருவர் வந்து அடுப்பையே பார்த்தபடி நின்றார். கேப்டனிடம் அரபியில் ஏதோ சொன்னார். கேப்டன் முகம் வெளுத்தது.

“தம்பி, என்ன வேலை செய்து வச்சிருக்கிறாய்! இஞ்சை ரெண்டு கல்லெண்டா ஆம்பிளையின்ரை சமாதி, மூண்டெண்டா பொம்பிளையின்ரை. அது இவரின்ரை பெண்சாதியாம்.”

பதறிப்போய்த் தீயை அணைக்கப் போனேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“கொதிச்சு முடியட்டுமாம். பாதியிலை இறக்க வேண்டாமாம்,” என்றார் கேப்டன்.

தீவுக்காரரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு மூவருமாகக் கற்களைச் சுமந்துபோய் நட்டோம். கரியைத் துடைக்கத் துண்டை எடுத்தேன், அந்த மனிதர் வேண்டாமென்று தலையசைத்தார். நடுக்கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார். அதில் இன்னும் சூடு இருந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை.

ஊரில் என் மனைவியைத் தொட்டு எனக்கு இரண்டு வருடமாகியிருந்தது. மன்னிப்புக் கேட்க அரபி தெரியாது. அந்தக் கல் இன்னும் கொஞ்ச நேரம் ஆறாமல் இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.