ஸ்டூல்காரியின் நுனிமுடி

எங்கள் எண்ணெய்க் கடையில் அவளுக்குப் பெயர் ஸ்டூல்காரி, எனக்குப் பெயர் லேபிள். அவள் கடை முகப்பில் உயரமான ஸ்டூலில் ஏறி, தெருவுக்கு முதுகைக் காட்டி, முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். நான் பின்னறையில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவேன். கூட்டம் வந்தால் முன்னால் போய் விற்பேன். 'நுனி வெடிக்காது, நீளம் குறையாது' என்று அந்த லேபிளில் அச்சடித்திருக்கும். அதை நாள் முழுக்கத் தடவித் தடவி ஒட்டுகிற என் தலையில் இருந்தது சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு பின்னல். வயிற்றெரிச்சல் இருக்காதா? இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அவள் வேலைக்கு வந்த அன்று முதலாளி என்னை அழைத்து அளக்கும் டேப்பைக் கொடுத்தார். நெற்றியில் முடி முளைக்கிற இடத்தில் டேப்பின் நுனியை வைத்து, உச்சி வழியாகப் பின்னால் இறக்கி, கடைசி முடி வரை அளக்க வேண்டும். ஐம்பது அங்குலம் இருந்தது. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"மாசாமாசம் ஒண்ணாந்தேதி அளப்போம். நாப்பத்தெட்டுக்குக் கீழ போச்சுன்னா ஸ்டூல்ல வேற ஆள். சரியா?"

"சரிங்க. ஆனா ஒண்ணு, நான் உக்காருவேன், பேச மாட்டேன். இந்த எண்ணெயாலதான் வளந்துச்சுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்," என்றாள் அவள்.

"நீ ஏம்மா பேசணும்? முடி பேசும். மிச்சத்த லேபிள் பேசிக்கும்."

அப்படித்தான் நடந்தது. அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் நின்று, "பாருங்க, ஒரு நுனியாவது வெடிச்சிருக்கா? எல்லாம் இதோட மகிமை," என்று பாட்டிலை ஆட்டுவேன். எனக்குப் பொய் சொல்ல வாய் கூசாது. கூசினால் வீட்டு வாடகைக்கு எங்கே போவது?

அந்த முடியின் உண்மை என்னவென்று எனக்குத் தெரிந்தது, அவள் காய்ச்சலில் படுத்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனதில்தான். ஒரே அறை. ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், அதன் கீழே மூட்டை மூட்டையாக மற்றவர்களின் கிழிந்த துணி. அவள் கணவர் தையல்காரர். சட்டை தைக்கிற கம்பெனியை மூடிவிட்டதால் வீட்டிலேயே கிழிசலுக்கு ஒட்டுப் போட்டும் தொளதொளத்ததைப் பிடித்துக் கொடுத்தும் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பத்தாவது படிக்கிற மகள் ஒருத்தி. ஸ்டூல்காரி தரையில் உட்கார்ந்திருக்க, கணவர் பின்னால் முக்காலியில் அமர்ந்து, மடியில் வெள்ளைத் துணியை விரித்து, அவள் முடியைக் கொத்துக் கொத்தாக அதன் மேல் பரப்பி, கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, ஒற்றை ஒற்றை முடியாகப் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, முடி வளக்கிறவளோட முடியவே வெட்டுறீங்க?" என்று அலறிவிட்டேன்.

"வெட்டுறதாலதாங்க நீளம் நிக்குது," என்றார் அவர், நிமிராமலே. "ஓரம் அடிக்காத துணி என்னாகும்? பிரிஞ்சுகிட்டே மேல வரும். முடியும் அதே கதைதான். நுனி ரெண்டா வெடிச்சா, அரை விரல் மேல தள்ளி நறுக்கிடணும். விட்டா வெடிப்பு ஏறி ஏறி நடுவுல உடையும். வளர்றது எல்லாருக்கும்தான் வளருது. உடையாம இருக்கணுமே, அதுலதான் இருக்கு."

வாராவாரம் வெடித்த முடிகளை மட்டும் நறுக்குவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஒரு விரல் அகலம். அந்தக் கத்தரிக்கோல் முடிக்கென்றே வைத்தது. ஒருமுறை மகள் அதை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படம் வெட்டிவிட்டாளாம். இரண்டு நாள் இவர் அவளோடு பேசவில்லையாம். மழுங்கின கத்தரி முடியை வெட்டாது, மென்று துப்பும் என்றார். ஈர முடியில் சீப்பு வைக்கக் கூடாது. சிக்கெடுத்தால் நுனியிலிருந்து மேலே வர வேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இது எங்கம்மா அப்பாவோட சினிமா, ஆன்ட்டி. ஞாயித்துக்கிழமை ஆனா ஓட ஆரம்பிச்சிடும்," என்றாள் மகள். காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்கு வீட்டில் தண்ணீர் மொண்டு கொடுக்கக்கூட ஆள் கிடையாது. அவர்கள் கொடுத்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஒன்றாம் தேதி அளந்தபோது ஐம்பதரை இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இரண்டு நாள் முன்பு அந்த மூன்று மாத விரல் அகலம் போயிருந்தது. முதலாளி, "எப்படிக் குறையும்?" என்றார். வேறு எவளாக இருந்தாலும் டேப் சரியில்லை என்று சமாளித்திருப்பாள். இவள், "நுனி வெட்டினேங்க," என்றாள்.

மனிதர் குதித்தார். "வெடிப்பே வராதுன்னு லேபிள் போட்டு வித்துகிட்டிருக்கேன், நீ கத்தரி போடுறியா? நாலு பேருக்குத் தெரிஞ்சா நான் தலைல துண்டப் போட்டுகிட்டுப் போக வேண்டியதுதான். இனிமே ஒரு முடியக்கூட வெட்ட மாட்டேன்னு உன் பொண்ணு மேல சத்தியம் பண்ணு. இல்லன்னா இப்பவே இறங்கு."

அவள் என்னைப் பார்த்தாள். 'பண்ணித் தொலை, யாருக்குத் தெரியப்போகிறது' என்று கண்ணாலேயே சொன்னேன். அவள் பண்ணினாள். பண்ணியவள், பைத்தியக்காரி, அதைக் காப்பாற்றவும் செய்தாள்.

அவள் கணவர் கெஞ்சியிருக்கிறார். "சத்தியம் பண்ணது நீ. கத்தரி பிடிக்கிறது நான். எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று வக்கீல் மாதிரி வாதாடினாராம். "பொண்ணு தலையில அடிச்சுச் சொல்லிட்டேன், விடுங்க," என்று இவள் வெள்ளைத் துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். இதை அவளே ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி என்னிடம் சொன்னாள்.

"உனக்கென்ன கிறுக்கா? அந்த ஆளு தினம் நூறு பொய் விக்கிறான். அவன்கிட்ட போய் சத்தியம், மண்ணாங்கட்டின்னு."

"அவர்கிட்ட இல்லக்கா. பொண்ணு மேல."

அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

கடையில் அந்த முடி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் முதலாளியின் எண்ணெயை ஊற்றி, ஈரமும் பிசுக்குமாக இருக்கும்போதே உலோகச் சீப்பால் வாரச் சொல்வார். பளபளப்பு அப்போதுதான் தெருவுக்குத் தெரியுமாம். நாள் முழுக்க மேலே மின்விசிறி. வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். சவுரி முடியோ என்று சந்தேகப்பட்டு வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோல் இந்தச் சேதத்தையெல்லாம் துடைத்துவிடும். இப்போது அது இல்லை. நான்கே மாதத்தில் நுனி துடைப்பம் போலானது. ஆறாவது மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எலிவால் மாதிரி நாலு முடி தொங்கியது. மாலையில் கடையைப் பெருக்கினால் விரல் நீளத்துக்கு உடைந்த துண்டுகள் முறத்தில் வரும். அவள் அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

டேப் பிடிப்பவள் நான். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடி நோட்டை வைத்துக்கொண்டு, "எவ்வளவு?" என்பார், நான் கத்துவேன். முதல் முறை நாற்பத்தேழரை வந்தபோது அவள் தோள் இறுகியதை என் கை உணர்ந்தது. அந்த மாதம் மகளுக்குப் பொதுத் தேர்வு. கணவருக்குத் தையல் வேலை அறவே இல்லை. அந்த ஸ்டூல் போனால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. நான் டேப்பின் நுனியை முடி முளைக்கிற இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே, நெற்றியில் வைத்து அழுத்தினேன். "நாப்பத்தெட்டே முக்கால்!" என்றேன். அவள் தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அப்படியே. நான்கு மாதம் அப்படி ஓட்டினேன். யாருக்காகவாவது ஆதாயமில்லாமல் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

நான்காவது மாதக் கடைசியில் ஒரு பெண் வந்தாள். நான் பாட்டிலை ஆட்டி மகிமையெல்லாம் சொல்லி முடித்ததும் என் தலையைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க இங்கதானே வேலை பாக்குறீங்க? உங்களுக்கு ஏன் இந்த எலிவால்?" என்றாள். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "இனிமே ஆள் இருக்கும்போது நீ முன்னால வராத லேபிள், யாவாரம் கெட்டுடும்," என்றார். நான் ஸ்டூலைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரிய சிரிப்பில்லை, வாயைப் பொத்திக்கொண்டு வருகிற சிரிப்பு. வேண்டுமென்று சிரித்திருக்க மாட்டாள். இப்போது தெரிகிறது. அன்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யார் போட்ட பிச்சையில் நீ ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாய் என்று பல்லைக் கடித்தேன்.

மூன்றாம் நாள் ஒன்றாம் தேதி. டேப்பை எடுத்தேன். முடி முளைக்கிற இடத்தில் சரியாக வைத்தேன். நெற்றியில் டேப் படவில்லை என்று அவளுக்கு உடனே தெரிந்திருக்கும். நான்கு மாதம் பட்ட இடமாயிற்றே. திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்வளவு?"

"நாப்பத்தாறே கால்," என்றேன்.

முதலாளி எழுந்து வந்தார். முதல் முறையாகக் கிட்டே நின்று அந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "சீ," என்று கையை உதறினார். "இத வெச்சுகிட்டா என் மானத்த வாங்கின?" என்றார். கத்தரிக்கோல் கூடாது என்று சத்தியம் வாங்கிய அதே வாய். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவள் முடியைச் சுருட்டி முடிந்துகொண்டு, ஸ்டூலிலிருந்து இறங்கி, அதைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். என்னிடம், "வரேங்க்கா," என்றாள்.

ஒரே வாரத்தில் முதலாளி, அவள் வந்த புதிதில் எடுத்த போட்டோவை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிப் பலகையில் ஒட்டி ஸ்டூல் இருந்த இடத்தில் நிறுத்தினார். "இதுக்குச் சம்பளமும் வேணாம், சாப்பாட்டு நேரமும் வேணாம்," என்று தட்டிக் கொடுத்தார். நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று பல ஞாயிற்றுக்கிழமை புடவையை எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி மடித்து உள்ளே வைத்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம் அவள் கடைக்கு வந்தாள். முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்போதே தோளுக்கு மேல் வெட்டிவிட்டிருக்கிறார் கணவர். அங்கே வரைக்கும் வெடிப்பு ஏறியிருந்ததாம். இப்போது முதுகில் பாதி வரை வளர்ந்து, அடி முதல் நுனி வரை ஒரே கனமாக, வெட்டின துணி ஓரம் போல நேராக நின்றது. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாளாம். முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி நோட்டில் குனிந்துகொண்டார். யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்தார்.

"அக்கா, அந்தப் பலகைய எடுத்துடச் சொல்ல முடியுமா?" என்றாள் மெதுவாக. "பொண்ணு காலேஜ் போற வழி இது. கூட வர்ற புள்ளைங்க, உங்கம்மா கடையில நிக்கிறாங்கன்னு கேலி பண்றாங்களாம்."

நான் பதில் சொல்வதற்குள் ஒரு அம்மா மகளோடு உள்ளே வந்துவிட்டார். வியாபாரம் அப்போது படுத்துக்கிடந்தது. இந்த மாதமும் இப்படியே போனால் லேபிள் ஒட்ட ஆள் எதற்கு என்று முதலாளி காலையில்தான் என் காதுபடச் சொல்லியிருந்தார். அந்த அம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். பாட்டிலைத் திரும்ப வைக்கப் போனவர், பக்கத்தில் நின்றவளின் முடியைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, உன் முடி நல்லா இருக்கே. நுனிகூட வெடிக்கல. நீ இதத்தான் போடுறியா?"

முதலாளி நோட்டிலிருந்து நிமிர்ந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் நாளிலேயே பேச மாட்டேன் என்று சொன்னவள் இவள்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "ரெண்டு வருஷமா இதான் போடுறேன்."

அந்த அம்மா மூன்று பாட்டில் வாங்கினார். முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் பலகையை மறுபடி பார்க்காமல் படியிறங்கிப் போனாள். நான் ஓடிப்போய்த் தெருமுனையில் பிடித்தேன்.

"ஏம்மா அப்படிச் சொன்ன? உனக்கு என்ன தலையெழுத்து?"

"உங்க வேலை போயிடும்னு தோணுச்சுக்கா. நாலு மாசம் எனக்காக நீங்க அளவ மாத்திச் சொல்லலையா?"

அவள் திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருந்தால்கூட முகத்தைத் துடைத்துக்கொண்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள். ஐந்தாவது மாதத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. பலகை இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அதை எடுங்கள் என்று முதலாளியிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.