கருத்தம்மாள் நடந்து பார்த்த வீடு

ஜெனிலா வரைந்த வீடுகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுந்தரபாண்டியத்திலும் மம்சாபுரத்திலுமாக நாற்பதுக்கு மேல் நிற்கின்றன. ஒரு வீட்டுக்கும் அவள் பால்காய்ப்புக்குப் போனதில்லை. யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டாள். கூட்டத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த வீடுகளில் எல்லோருக்கும் முன்னால் குடியிருந்தவள் அவள்தான்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஐயாதுரை எஞ்சினியரின் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கவும் டீ வாங்கவும் சேர்ந்தாள். படம் வரைகிறவரின் முதுகுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்று மூன்று வருடம் பார்த்தாள். அவர் கோயம்புத்தூருக்குப் போய்விட்ட மறுநாள், யாரும் சொல்லாமலே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாதியில் நின்ற படத்தை முடித்தாள். எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, "டீக்கு வேற ஆளப் பாக்கணும் போலயே" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்துக்குப் பிறகு வேலை வீட்டுக்கே வந்தது. ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் இரண்டு அறை வாடகை வீடு. மூலையில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டர். ஏதோ ஆபீசில் கழித்துப் போட்டது. கம்பெனியே பூட்டி முடித்து அனுப்பிய கறுப்புப் பெட்டி. மாடி வீட்டில் ஒருநாளும் இருந்திராத ஜெனிலா, மத்தியான வேளைகளில் அந்தப் பெட்டிக்குள் மாடிப்படி ஏறுவாள். வரைந்து முடித்த ஜன்னலில் சாய்ந்து, இன்னும் நடாத முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பை வரைந்து வைப்பது அவள் வழக்கம். தான் உள்ளே இருக்கிறோம் என்பதற்காக. இதுவரை ஒருவரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

சித்திரை கடைசியில் மம்சாபுரத்துக் கருத்தம்மாள் எஞ்சினியரைப் பார்க்க வந்திருந்தாள். களையெடுக்கவும் கதிரறுக்கவும் காட்டு வேலைக்குப் போய் ஒற்றை மகனை ஆளாக்கியவள். மகன் சவுதியில். அவன் போனிலேயே பிளானுக்குச் சரி சொல்லிவிட்டான். எஞ்சினியர் மேஜையில் படத்தை விரித்து, "இது ஹால், இது அடுப்படி, இது அட்டாச்சுடு பாத்ரூம். சரிதானம்மா?" என்று கேட்கக் கேட்க, "சரிங்கய்யா" என்று தலையாட்டினாள். படம் கொடுக்க வந்த ஜெனிலா ஓரமாக நின்று பார்த்தாள். கருத்தம்மாளின் பெருவிரல் ஒரு கோட்டை, ஏதோ தூசியைத் தள்ளுவது போலத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

எஞ்சினியர் போன் பேச வெளியே போனதும் கருத்தம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏத்தா, இந்தக் கோட்டுக்குள்ள நான் எப்பிடித்தா போவேன்?"

ஜெனிலா படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு, தன் குரலா என்று தானே நம்பாத ஒரு குரலில், "நான் உங்கள உள்ள கூட்டிட்டுப் போறேன். நடந்து பாருங்க. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறதுக்கு முன்னாலயே" என்றாள்.

வைகாசி இருபத்தொன்று வாஸ்து நாள். அன்று மண்வெட்டி போட்டுவிட்டால் வீடு அந்தக் கோட்டின்படிதான். அன்று தப்பினால் அடுத்தது ஆடி, ஆடியில் யாரும் தொடங்க மாட்டார்கள், பிறகு ஆவணிதான். அப்படியானால் மகன் விடுமுறையில் வரும்போது வீடு முடிந்திருக்காது.

நடந்து பார்க்கிற மாதிரி காட்டுவதற்கு ஒரு சாப்ட்வேர் உண்டு. ஜெனிலாவின் பெட்டியில் அது திறக்கவே மறுத்தது. கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றது. பழைய முறையில் ஒரு படம் வெளிவர இரண்டு மணி நேரமாகும். ஒரு நொடி நடப்பதற்கே இருபத்தைந்து படம் வேண்டும்.

வாழ்க்கையில் முதல்முறையாக எஞ்சினியரிடம் ஒன்று கேட்டாள்.

"கார்டா? என் மகன் புதுசு வாங்கிட்டுப் பழசக் கழட்டிப் போட்டுருக்கான். எடுத்துக்க" என்றார் அவர்.

வந்தது. செங்கலைவிட ஒரு விரல் நீளம், மூன்று காற்றாடி. ஜெனிலா அவசரப்படவில்லை. ரஸ்க் பெட்டி அட்டையைக் கார்டின் அளவுக்கே வெட்டி ஒட்டி, கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே வைத்துப் பார்த்தாள். எந்தப் பக்கமும் இடிக்கவில்லை. உள்ளளவு, வெளியளவு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அன்று சாயங்காலம் உண்மையான கார்டை வைத்து அழுத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகுதான் பார்த்தாள், கார்டின் முதுகில் எட்டு ஓட்டை. கரண்டு கேட்கிற வாய். அதற்குள் செருகப் பெட்டியில் ஒரு வயர்கூட இல்லை.

நாற்பது வீட்டுக்கும் அறையை வரைந்தவள் அவள். எந்த வீட்டுக்கும் கரண்டு எங்கிருந்து வரும் என்று அவள் யோசித்ததில்லை. அது வயரிங் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஆல்வினின் பாடு.

ஆல்வின் சிரித்தான். "ஏட்டி, இதுக்கா இந்த முழி முழிக்கிற? கரண்டுதான? ஒரு லைன் இழுத்துட்டாப் போச்சு."

மறுநாள் தெரிந்தவரிடமிருந்து பெரிய பவர் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தால் திருகு ஓட்டை சேரவில்லை. சரி, வெளியே மேஜைமேல் வைத்து வயரை மட்டும் விடலாம் என்றான். உள்ளே மதர்போர்டில் குத்துகிற வாயே வேறு வடிவம். இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். இருபது வருடத்தில் அவன் வயரை ஏற்காத வீடு ஒன்றுகூட இருந்ததில்லை. தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரால் தலையைச் சொறிந்தான்.

"சாவியும் வேற, பூட்டும் வேறயால்ல இருக்கு" என்றான்.

வாஸ்து நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. ஜெனிலா பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள். மேற்கே மலை கூடவே வந்தது. மழை எங்கோ உள்ளே பெய்துகொண்டிருக்க, மலை கரைத்துவிட்ட நீலம் மாதிரி இருந்தது. மடியில் இருந்த பெட்டி லேசாக அதிர்ந்தது. உள்ளே ஒரு வீடு இருக்கிறது, அதன் ஜன்னல்கள் இந்நேரம் இந்த மலையைப் பார்க்கும் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் "பிள்ளையா?" என்று எட்டிப் பார்த்துவிட்டு, அசடு வழிந்து திரும்பிக்கொண்டாள்.

சுந்தரபாண்டியன் என்பவரின் ரிப்பேர் கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அவர் பெட்டியைத் திறந்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"இது கம்பெனிப் பொட்டி தங்கச்சி. அவன் வச்சதுதான் பவரு, அவன் வச்சதுதான் ஓட்டை. கடைல விக்கிற சாமான் ஒண்ணும் உள்ள சேராது. பவரு மொத்தமே இருநூத்தி நாப்பது வாட்ஸ். உன் கார்டு மட்டும் நூத்தி எழுவது குடிக்கும்."

"அப்ப ஏலவே ஏலாதா அண்ணாச்சி?"

"யானைய வச்சுக்கிட்டு ஆட்டுக் கொட்டகைல கட்டணும்னா எப்பிடிம்மா?" அலமாரியில் துழாவி, உள்ளங்கை அளவுக்கு ஒன்றை எடுத்தார். ஒரே காற்றாடி. "இதுக்குத் தனி வயரு கெடையாது. குத்துற எடத்துலயே கரண்ட உறிஞ்சிக்கிடும். யானை இல்ல, ஆனா நடக்கும். பெருசக் குடுத்துட்டு இத எடுத்துக்க. எனக்குத்தான் லாபம், ஒளிக்கல. அதுக்குப் பதிலா மெமரி ராம் ஒண்ணு சேத்துப் போட்டுத் தாரேன்."

கார்டு எஞ்சினியருடையது. ஜெனிலாவுக்குப் போனில் பேச வராது. கடைக்கு வெளியே போய், சுவரைப் பார்த்து நின்று பேசினாள்.

"உனக்குக் குடுத்தாச்சுல்ல? என்னமும் பண்ணு தாயி" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து போட்டால் காற்றாடி சுற்றியது. திரை மட்டும் கறுப்பு. பழைய மானிட்டர் வயரின் நீல முனைக்குப் புதுக் கார்டில் இடமில்லை. அது முன்பு குத்தியிருந்த பெட்டியின் ஓட்டையோ, கார்டு வந்த பிறகு செத்துப்போயிருந்தது. ஆல்வின் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். எழுந்து போய், டிவிக்குப் போகும் வயரைச் செட்டாப் பெட்டியிலிருந்து பிடுங்கி, கார்டில் குத்தினான். சுவரளவு வெளிச்சமாகக் கம்ப்யூட்டர் டிவியில் எழுந்தது.

"ஒரு வயராச்சும் நான் போட்டேன்னு எழுதி வச்சுக்க" என்றான்.

வாஸ்து நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் கருத்தம்மாள் வந்தாள். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஜெனிலா கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தாள். வீட்டு வாசல் வந்தது.

"ஏத்தா, இது யாரு செருப்பு?"

ஜெனிலாவுக்கு முகம் சிவந்தது. "சும்மா... உங்களுதுதான்."

"நான் என்னைக்குச் செருப்புப் போட்டேன்? சரி, கெடக்கட்டும். வெயிலுக்கு ஆகும்."

உள்ளே போனார்கள். ஜெனிலா அம்புக்குறியை அழுத்த அழுத்த, வீடு அவர்களைத் தாண்டிப் பின்னால் நகர்ந்தது. வெளியே வெயிலில் தெரு உறங்கியது. டிவிக்குள் ஹால் ஜன்னலிலிருந்து சாய்ந்த வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. கருத்தம்மாள் காலை மடக்கிக்கொண்டாள், வெளிச்சத்தை மிதித்துவிடக் கூடாது என்பது போல. அடுப்படிக்குள் நுழைந்ததும் அவள் உடம்பு தானாக வலது பக்கம் திரும்பியது.

"இங்கிட்டுப் போ."

ஜெனிலா அந்தப் பக்கம் அழுத்தினாள். படம் சுவரில் போய் நின்றது.

"போத்தா."

"சுவரும்மா."

"இங்ஙனதான பொறவாசல் இருக்கணும்? சோறு வடிச்ச கஞ்சிய எங்கிட்டுக் கொண்டு ஊத்த? கோழிய எங்கிட்டு வெரட்ட? காட்டுல இருந்து சகதிக் காலோட வாரவ முன்வாசல் வழியாவா வருவா?" கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டாள். டிவிக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றாள். எஞ்சினியரின் மேஜையில் பெருவிரல் தேய்த்த கோடு எது என்று ஜெனிலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சுவருக்கு அப்பால் பாத்ரூம். ஜெனிலா அப்போதே பிளானைத் திறந்தாள். பாத்ரூமை மூன்றடி தள்ளிக் குறுக்கி, இடையில் ஒரு வழி விட்டு, கதவு வைத்தாள். பிறகு போனை எடுத்தாள். இந்த முறை சுவரைப் பார்த்து நிற்க மறந்துவிட்டது.

"அந்தப் பையன் சரின்னு சொல்லியாச்சேம்மா. நாளைக்கு மண்ணு வெட்டணும், இப்பப் போயி..." என்றார் எஞ்சினியர்.

"சார், அவிய சுவத்துல போயி முட்டிக்கிட்டு நிக்காக. மூணடிதான் சார். படம் அனுப்பிட்டேன், பாருங்க."

அந்தப் பக்கம் அவர் அளவுகளை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. "சரி. அவன்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

போகும்போது கருத்தம்மாள் வாசலில் திரும்பி, "நாளைக்கு நீ வராம நான் மண்ணுல கை வைக்க மாட்டேன், ஆமா" என்றாள்.

ஜெனிலா போனாள். மம்சாபுரத்து ஊர் ஓரத்தில் வெறும் மனை. கொத்தனார் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார். ஹால், அடுப்படி, அறை எல்லாம் மண்ணில் வெள்ளையாகக் கிடந்தன. ஆட்கள் கோட்டைத் தாண்டித் தாண்டி அங்கும் இங்கும் போனார்கள். ஜெனிலா ஓரத்தில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

கருத்தம்மாள் மட்டும் ஒரு கோட்டையும் தாண்டவில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மனையைச் சுற்றிப் போய், பின்பக்கம் கோடு விட்டிருந்த இடைவெளி வழியாக நுழைந்தாள். அடுப்படியில் நின்று ஜெனிலாவைப் பார்த்தாள்.

"ஏத்தா, அங்ஙனயே நிக்க? உள்ள வா."

ஜெனிலா முன்வாசல் கோடு விட்டிருந்த இடத்துக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, உள்ளே நடந்தாள்.